கடைக்கு இன்னும் வராத போன்

அந்தப் போன் கடைக்கு வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் அதற்குக் குறை சொல்ல ஊருலகமெல்லாம் ஆள் கிளம்பிவிட்டது. கேமரா பின்னால் மேடு தட்டி நிற்கிறது, மேசையில் வைத்தால் ஆடும் என்றார் ஒருவர். போன வருஷத்துப் போனுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இவர்களில் பாதிப் பேர் அறிவிப்புக் கூட்டத்தில் ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்த்தவர்கள். மீதிப் பேர் அதுவும் இல்லை, படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வருவதற்குள் பெண்ணுக்கு மூக்கு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிற பெரியம்மாக்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அவர்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஆனாலும் ஒரு வீடியோ விடாமல் பார்த்தேன்.

பார்க்காத பொருளுக்கு மதிப்புப் போடுவது எனக்குப் பழகிய வேலைதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்யும் ஆபீஸ் ஒன்றில் இருக்கிறேன். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அனுப்பியவன் சொன்னதை நம்பி எடை, வகை, விலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

என் கையில் அப்போதிருந்த போன் பழசு. கண்ணாடியில் மேலிருந்து கீழே ஒரு கீறல். மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்து பேசும்போது மட்டும் அது மக்கர் பண்ணியது. பேச்சு விட்டுவிட்டு வந்தது. வீடியோவில் அவர் முகம் கலங்கித் தெரிந்தது, பிறகு வீடியோவே வருவதில்லை என்றாகிவிட்டது. "உன் போன்லதான் கோளாறு" என்று முதலில் சொன்னது அவர். நானும் ஆமாம் என்றேன். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்காவிடம் அதே போனில் பேசினால் கணீரென்று கேட்டது. அவள் பக்கத்தில் இருக்கிறாள், கேட்காமல் என்ன, கடல் தாண்டி வருகிற பேச்சு வேறல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் கப்பலில் ஃபிட்டர். இன்ஜின் ரூம் வேலை. ஒன்பது பத்து மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கணக்கு. எங்கள் சனத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவில் முக்கால்வாசி வீட்டில் ஆம்பளைகள் கப்பலில்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் பேசி ஓய்ந்துவிட்டது. மாமி, அதாவது அவர் அம்மா, நான், எங்களோடு ஒரு போன், அவ்வளவுதான் வீடு.

முன்பெல்லாம் கப்பல் ஏதாவது ஊரில் கட்டினால்தான் பேச்சு. கார்டு வாங்கிப் போட்டுப் பேசுவார். கார்டு தீர்வதற்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டுவோம். மாதா கோவில் கொடியேற்றத்துக்கு யார் யார் வந்தார்கள், மாமிக்கு முட்டுவலி எப்படி, மழை பெய்து உப்பளமெல்லாம் கரைந்தது, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடியும். நடுவில் ஒரு முறை அழுவதற்குக்கூட நேரம் இருந்தது. அப்புறம் நடுக்கடலிலும் இன்டர்நெட் கிடைக்கிற மாதிரி கப்பல் மேலே ஒரு தட்டை மாட்டினார்கள். எவ்வளவு நேரமும் பேசலாம், காசு கிடையாது. பேச்சு குறைந்தது அதற்குப் பிறகுதான். அதற்கும் என் போன் மேல்தான் பழி போட்டேன்.

கப்பல்காரர் வீட்டில் போன் வாங்குவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. உள்ளூர்க் கடையில் வாங்கவே மாட்டோம். அவர் இறங்கும்போது வாங்கி வருவார். வரி என்ன ஏறுகிறது என்று தினமும் ஆபீஸில் பார்க்கிறவள் நான், எனக்கு அது கூடுதலாகவே கசக்கும். எந்த நாட்டில் வாங்கலாம் என்பதில்தான் விவாதம் நடக்கும். ஒரு நாட்டு மாடலில் சிம் போடுகிற இடமே கிடையாது. இன்னொரு ஊரில் வாங்கினால் இரண்டு சிம் போடலாம். ஜப்பான் போன் வேண்டவே வேண்டாம், படம் எடுக்கும்போது வருகிற சத்தத்தை நிறுத்த முடியாது. என் கொழுந்தன் முறை ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி வந்து, நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரம் பார்த்துப் படம் எடுக்க, அது டிக்கென்று அடித்து, கோவிலே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவருக்கு ஜப்பான் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாங்கி வருகிற போன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் சுற்றி வரும். வந்த அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவர் பெட்டியைப் பிரிப்பார். யாருக்குச் சோப்பு, யாருக்குச் சென்ட், யாருக்குச் சாக்லேட் என்று கையில் எடுத்துக் கொடுப்பார். போன் கடைசியில் வரும். அது பெண்டாட்டிக்கு. அவளுடைய பழைய போன் வீட்டில் யாருக்குத் தேவையோ அவருக்குப் போகும். இப்படித்தான் எல்லா வீட்டிலும்.

அதனால் அந்தப் புதுப் போன் அறிவிப்பு வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. அவர் காண்ட்ராக்ட் முடிகிற சமயமும் அது கடைக்கு வருகிற சமயமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆபீஸில் பக்கத்து மேசையில் இருப்பவள் கொற்கைக்காரி. தினமும் பஸ் பிடித்து வருவாள். அவளுக்கும் எனக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. அவள் வயல்காட்டு வீட்டுப் பெண், எதையும் சட்டென்று நம்ப மாட்டாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்க்கா" என்பாள். முன்பக்கக் கேமரா நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், அது பகல் வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியது, வீட்டு டியூப் லைட்டில் எப்படி இருக்குமோ என்பாள். பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்குமாம் என்றால், யாருடைய நாள் என்று கேட்பாள். அதில் ஒரு நிறத்துக்கு முத்து வெள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் ஊரில் ஒரு காலத்தில் முத்து குவிந்து கிடந்ததாம், என் ஊருக்கு முத்து நகர் என்றே பெயர், எங்கள் இரண்டு பேர் காதிலும் கிடந்தது கவரிங். என் பக்கத்து முன்னோர்கள் முத்துக் குளித்தவர்கள் என்பார்கள். அவர்களில் ஒருவராவது வீட்டுக்கு ஒரு மணி எடுத்து வைத்திருக்கக்கூடாதா என்று அவள் கேட்டாள்.

நான் தேடியது மூன்றே விஷயம். பேச்சு தெளிவாகக் கேட்கிறதா, முகம் தெளிவாகத் தெரிகிறதா, அவர் கூப்பிடுகிற நேரத்தில் சார்ஜ் இருக்குமா. வீடியோக்காரர்கள் இதைத் தவிர எல்லாம் சொன்னார்கள். விளையாட்டு எப்படி ஓடுகிறது, நிலாவைப் படம் எடுத்தால் எப்படி வருகிறது என்று நீட்டிக்கொண்டே போனார்கள். நிலாவை நான் எதற்குப் படம் எடுக்க? என் புருஷன் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்தால் போதும். கடைசியில் ஒரு பெண் மட்டும் பேசிக் காட்டினாள். சுற்றி இரைச்சல் இருக்கும்போதும் பேசுகிறவர் குரலை மட்டும் தனியே பிரித்துக் கேட்க வைக்கிறதாம். இன்ஜின் ரூம் சத்தத்தில் அவர் குரல் முழுகிப் போகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மாமியிடமும் கருத்துக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசலில் வாங்கிய ஊளி மீனைக் குசினியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். மாமிக்கென்று போன் கிடையாது. கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். மகன் கூப்பிட்டால் நான் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். அதைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று தெருக்கோடி வரைக்கும் கத்துவாள். நான் அந்தப் போனின் பெருமைகளை எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுல அவன் மூஞ்சி தெரியுமாளா?"

தாடியில் எத்தனை நரை என்று எண்ணலாம் மாமி என்றேன். அப்போ அதையே வாங்கச் சொல்லு என்றாள். வெள்ளை மட்டும் வேண்டாம், மீன் கையோடு எடுத்தால் கறையாகும் என்று ஒரு திருத்தமும் சொன்னாள்.

அவரிடமும் தினம் இதே பேச்சுத்தான். வழக்கத்துக்கு மாறாக இந்த விஷயத்தில் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த நிறம் என்று கேட்டால், உனக்குப் பிடித்ததை எடு என்றார். பெரியதா சின்னதா என்றால், உன் கைக்குச் சின்னதே போதும் என்றார். என் கை அவருக்கு ஞாபகம் இருக்கிறதே என்று எனக்கு இரண்டு நாள் ஒரே சந்தோஷம். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது. அவ்வளவு கொஞ்சத்தில் நான் வயிறு நிறைந்திருக்கிறேன்.

எந்த ஊரில் வாங்குவீர்கள், சிம் போடுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள் என்று ஒரு நாள் சாயங்காலம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. வழக்கம்போல் லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு அவர் சொன்னார், அங்கேயே கடையில் புக் பண்ணிவிடு, பணம் அனுப்புகிறேன் என்று. இங்கே விலை கூடுதல் என்றேன். இருக்கட்டும் என்றார். "உன் பழைய போனை அம்மாகிட்ட கொடுத்திரு. கண்ணாடி மட்டும் மாத்தி, ஒரு சிம்மு தனியாப் போட்டுக் கொடு" என்றும் சொன்னார்.

நான் பூரித்துப் போனேன். விலை பார்க்காமல் வாங்கச் சொல்கிறார், அம்மாவுக்கும் ஒரு போன் என்று யோசிக்கிறார், மனுஷன் எப்பேர்ப்பட்ட ஆளாகிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியிலேயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் புக் பண்ணினேன். கடைக்காரப் பையன் வெள்ளையா கறுப்பா என்று கேட்டான். மாமி சொன்னதை மீறி வெள்ளை என்றேன். எனக்கென்று ஒரு முத்தாவது இருக்கட்டுமே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றபடியே மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கரண்டி நின்றுவிட்டது. மீன் கருகுகிற வாடை வந்தும் அவள் திருப்பவில்லை. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன். என்ன மாமி என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குளா போனு?" என்றாள். "நீ வீட்டுல இருக்கும்போது எனக்கு எதுக்குப் போனு?"

எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. உங்களிடம் அவர் நேரே பேசட்டுமே என்றேன்.

"நேரே எதுக்குப் பேசணும்? உங்கிட்டப் பேசாம எங்கிட்டப் பேசத்தான?" பொரித்த மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "கப்பல்காரன் எவனும் இங்கன கடையில வாங்கிக்கன்னு சொல்ல மாட்டான். பெட்டி வரலன்னா ஆளும் வரலன்னு அர்த்தம். அவன் வரமாட்டான்ளா."

என் கோபம் முழுக்க மாமி மேல் பாய்ந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியா நினைப்பது, நல்லது செய்தாலும் குற்றமா, இந்த வீட்டில் ஒரு சந்தோஷம் ஒரு நாள் முழுதாகத் தங்கியதுண்டா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். மாமி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. சண்டைக்குச் சளைக்காதவள் அவள். அவள் பேசாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அவள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்குத் தட்டியது.

அடுத்த நாள் விடுப்புப் போட்டேன். மத்தியானம் மாமி தூங்கப் போன பிறகு நானே அவரைக் கூப்பிட்டேன். பொதுவாக அவர் கூப்பிடுவதுதான் வழக்கம். மணி அடித்த உடனே எடுத்தார். கப்பலில் அந்த நேரத்தில் அவருக்கு வேலை நேரம். அதை நான் அப்போதே கவனித்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இறங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். "மும்பைல இருக்கேன்."

தனியாகவா என்றேன். இல்லை என்றார்.

என் பழைய போனில் அன்று ஒரு கோளாறும் இல்லை. விடாமல், கலங்காமல், பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. அவர் மூச்சு இழுத்ததும் எச்சில் விழுங்கியதும்கூடக் கேட்டது. பின்னால் எங்கோ ஒரு கதவைச் சாத்தினார்கள், அதுவும் கேட்டது. இத்தனை மாதமாக இன்ஜின் சத்தம், கடல் தூரம், கண்ணாடிக் கீறல் என்று நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர். அந்தச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டு மூடிக் கொடுத்தவள் நான்.

யார், என்ன, எத்தனை நாளாக என்பதெல்லாம் அவர் சொன்னார். இங்கே அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பும் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. நான் நிறம் கேட்டபோது, பெரியதா சின்னதா என்று கேட்டபோது, அவர் கப்பலிலேயே இல்லை. அந்த மும்பை வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான், உன் கைக்குச் சின்னதே போதும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டேன். அப்படியென்றால் இந்தப் போன் எதற்கு என்று கேட்டேன்.

"உனக்குன்னு ஏதாவது செய்யணும்லா" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை உடைத்தது. அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இத்தனை வருஷத்துக்கு நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர் உண்மையிலேயே யோசித்திருக்கிறார். கடையில் கிடைப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். போனை வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, மாமிக்குக் கேட்கக்கூடாது என்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் மாமி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அழுதாள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவள் போய்க் காபி போட்டு வந்தாள், சீனி போட மறந்திருந்தாள், இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. விஷயம் ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது. பெட்டி எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் சேலையைச் சரிசெய்தபடி வேறு பக்கம் பார்த்தார்கள். அக்கா வந்து கூப்பிட்டாள், என் வீட்டுக்கு வந்துவிடு, இனிமேல் உனக்கு இங்கே என்ன இருக்கிறது என்றாள். மாமி அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். அக்கா போன பிறகு, போகணும்னா போ, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றாள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நான் எங்கே போவேன் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. நான் போகவும் இல்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மறுநாள் காலையில் அவளுக்கு முட்டுக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது, தேய்த்தேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

போன் கடைக்கு வந்த அன்று அந்தப் பையன் கூப்பிட்டான். அக்கா, உங்க பீஸ் வந்திருச்சு, முதல் ஆளே நீங்கதான் என்றான். போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன். வீடியோவில் சொன்ன மாதிரியே கனமில்லாமல் இருந்தது. வெள்ளை நல்ல வெள்ளை. முன்பக்கக் கேமராவைத் திறந்தேன், என் முகம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, நெற்றி ஓரத்தில் நரை, ஒன்றுவிடாமல் காட்டியது. கொற்கைக்காரி கேட்டாளே, டியூப் லைட்டில் எப்படி இருக்கும் என்று. டியூப் லைட்டிலும் நன்றாகவே இருந்தது. வேண்டாம் தம்பி, வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். அவன் என்ன குறை என்று கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றேன். அது உண்மைதான். அதே கடையில் என் சம்பளத்துக்குத் தகுந்த ஒரு சாதாரணப் போனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமி மகனோடு பேச மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் என் நம்பருக்கு அடிப்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் போனுக்கு அடித்து அம்மாவைக் கேட்டபோது, தூங்குகிறேன் என்று சொல்லிவிடு என்று மாமி சொல்லி அனுப்பினாள். இப்படிச் சில நாள் போனது. ஒரு நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், அவனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதும் இருக்குமோ என்றாள். என்னைத்தான் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பெற்றவள்தானே. நான் அவரை வெறுக்கலாம், அவளை வெறுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. அப்படிச் சொல்லவும் எனக்கு ஆசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய போனுக்குக் கண்ணாடி மாற்றினேன். ஒரு சிம் தனியாக வாங்கிப் போட்டேன். எல்லாம் அவர் சொன்னபடியேதான் நடக்கிறது என்று தெரிந்தேதான் செய்தேன். மாமியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மணி அடித்தால் பச்சையை இப்படித் தள்ள வேண்டும், முடிந்ததும் சிவப்பு என்று காட்டிக் கொடுத்தேன். காதில் வைத்துப் பேசுங்கள், கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்றேன். அவள் நம்பவில்லை. அக்கா நம்பருக்கு அடித்துப் பேச வைத்து நம்ப வைத்தேன். அப்புறம் அந்த நம்பரை அவருக்கு அனுப்பிவிட்டு, என் புதுப் போனிலிருந்து அவர் பெயரை எடுத்தேன்.

இப்போது சாயங்காலம் ஆனால் மாமியின் போன் அடிக்கிறது. எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குத் துணி துவைக்கிற கல் பக்கம் போய்விடுகிறாள். தெருக்கோடி வரைக்கும் கத்தியவள், இப்போது எனக்குக் கேட்கக்கூடாது என்று அவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள். ம், ம் என்பது மட்டும் கேட்கும். நான் குசினியில் ஏதாவது பாத்திரத்தைச் சத்தமாக உருட்டுவேன், எனக்கும் கேட்க வேண்டாம் என்று.

ஒரு நாள் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தாள். போனை முந்தானையில் துடைத்து அலமாரியில் வைத்தாள். பழக்க தோஷம், அவள் அறியாமலே வாய் சொல்லிவிட்டது.

"சாப்பிட்டுட்டானாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது போல, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன குழம்பாம் என்று கேட்டேன். அதைக் கேட்கவில்லையே என்றாள்.

"நாளைக்குக் கேளுங்க" என்றேன்.